ஓப்பன் ஸ்டான்ஸ் பேக்ஹேண்ட்: இடது காலை நம்பு, தங்கச்சி

பேக்ஹேண்ட் பக்கம் ஓரமா, ஆழமா ஒரு பந்து வருது. நீ ஓடிப் போய், வலது காலைக் குறுக்கே தூக்கி வச்சு, பக்கவாட்டுல திரும்பி, அப்புறம் ராக்கெட்டை வீசறதுக்குள்ள பந்து பின்னாடி வேலியில போய் மோதியிருக்கும். கணக்குப் போட்டுப் பாரு. கோர்ட்டோட நீளம் 23.77 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துல கிளம்புற பந்து, காத்துலயும் தரையில பட்டும் வேகம் குறைஞ்சாலும், 1 விநாடி சொச்சத்துல உன்கிட்ட வந்துடும். அதுக்குள்ள கூடுதலா ஒரு அடி வைக்க எங்க நேரம்? அந்த ஒரு அடியை மிச்சம் பிடிக்கத்தான் ஓப்பன் ஸ்டான்ஸ். வலையைப் பார்த்த மாதிரியே நின்னு, இடது காலை ஊன்றி, இடுப்பையும் தோளையும் திருப்பி அடிக்கிறது. நீ வலது கைக்காரி, ரெண்டு கையால பிடிச்சு அடிக்கிறவன்னு வச்சுக்கிட்டுத்தான் எல்லாத்தையும் சொல்றேன். இடது கைக்காரிகள் காலை மாத்திப் படிச்சுக்கோங்க.

“காலை முன்னாடி வச்சு அடிம்மா”ன்னு கோர்ட் ஓரத்துல நிக்கிற பெரியவங்க சத்தம் போடுவாங்க. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. நம்ம ராமநாதன் கிருஷ்ணன் 1960-லயும் 1961-லயும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனது மர ராக்கெட்டோட, புல்தரையில. அவருக்கும், பின்னாடி வந்த விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணனுக்கும் ஒத்தைக் கை பேக்ஹேண்ட்தான். கனமான மர ராக்கெட்டுக்கு உடம்பு எடையை முன்னாடி கொண்டு போனாத்தான் பந்துல உயிர் இருக்கும். கிராஃபைட் ராக்கெட்டும் ரெண்டு கை பிடியும் பரவின பிறகு இடுப்பைச் சுழற்றியே வேகம் எடுக்க முடிஞ்சுது. வீனஸ், செரீனா ரெண்டு பேரும் ஓரத்துக்கு வர்ற பந்தை இடது காலை ஊன்றித் திருப்பி அடிச்சதைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறையே இதைக் கத்துக்கிச்சு. ஜோகோவிச் ஹார்டு கோர்ட்லயே சறுக்கிக்கிட்டுப் போய் இதைச் செய்வார். அந்தச் சறுக்கலை மட்டும் இப்போதைக்கு விட்டுடு.

2022 செப்டம்பர்ல நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்துல பெண்கள் சென்னை ஓப்பன் நடந்தப்போ 17 வயசு லிண்டா ஃப்ருவிர்தோவா, ஃபைனல்ல முதல் செட்டை விட்டுட்டு மக்தா லினெட்டை ஜெயிச்சா. அந்த மாதிரி ஒரு மேட்ச் வீடியோ கிடைச்சா ஒரு கேம் முழுக்கப் பந்தைப் பார்க்காத. ஒருத்தியோட காலை மட்டும் பாரு. எப்ப குறுக்கே வைக்கிறா, எப்ப இடது காலோட நிறுத்திக்கிறான்னு உனக்கே பிடிபடும்.

இப்போ கால் வேலை. எதிராளி பந்தை அடிக்கிற நேரத்துல சின்னதா ஒரு துள்ளல், அதான் ஸ்ப்ளிட் ஸ்டெப். ரெண்டு காலும் தரையைத் தொடும்போது பந்து எந்தப் பக்கம்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும். பேக்ஹேண்ட் பக்கம்னா முதல்ல தோள் திரும்பணும், கூடவே இடது கால் வெளியே போகணும். தூரமா இருந்தா நடுவுல ரெண்டு மூணு அடி ஓடிக்கோ, தப்பில்லை. ஆனா கடைசியா ஊன்றுற கால் இடது காலா இருக்கணும். ஊன்றும்போது விரல்கள் நேரா வலையைப் பார்க்காம, கொஞ்சம் சாய்வா வெளிப்பக்கம் பார்த்து இருக்கட்டும். முட்டி மடங்கி, விரல்கள் போற திசையிலயே இருக்கணும். முட்டி உள்பக்கம் சாய்ஞ்சா பவரும் போச்சு, நாளடைவுல முட்டியும் போச்சு.

நிறைய பொண்ணுங்க கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. கால் திறந்திருக்குன்னு தோளையும் திறந்தே விட்டுடறாங்க. அப்புறம் கையால மட்டும் தள்ளுறது, “ஓப்பன் ஸ்டான்ஸ்ல பவரே இல்லக்கா”ன்னு புலம்புறது. கால்தான் திறந்து இருக்கணும், தோள் இல்லை. வலது தோள் உன் தாடைக்குக் கீழ வர்ற அளவுக்குத் திரும்பணும். இடுப்பு பாதி, தோள் முழுசு. அந்த முறுக்கு அவிழறப்போ கிடைக்கிற வேகம்தான் பந்துக்குப் போகுது. துணி பிழியறப்போ ஒரு முனையை அசையாமப் பிடிச்சாத்தான் முறுக்கு ஏறும் இல்லையா? அந்த அசையாத முனைதான் இடது கால்.

பந்தைத் தொடுற இடம், அதாவது காண்டாக்ட் பாயின்ட், இதுலதான் குழப்பம் அதிகம். காலைக் குறுக்கே வச்சு அடிக்கிறப்போ வலது இடுப்புக்கு முன்னாடின்னு கோச் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. ஓப்பன் ஸ்டான்ஸ்ல அந்த அளவு உதவாது, ஏன்னா வலது இடுப்பு முன்னாடி போகவே இல்லையே. அதே இடத்தைத் தேடிப் போனா கை நீண்டு, உடம்பு கவிழும். இதுக்கு ஒரு வழி இருக்கு. ராக்கெட்டைக் கீழ வை. இடது காலை ஊன்றி நின்னு, தங்கச்சியோ தம்பியோ மெதுவாப் போடுற பந்தை இடது உள்ளங்கையால முன்னாடி தட்டு. முழங்கை லேசா மடங்கி, கை சுகமா இருக்கிற இடத்துல பந்து படும் பாரு, அதான் உன் இடம். இடது பக்கமா, கால் விரல் நுனிக்குக் கொஞ்சம் முன்னாடி, இடுப்பு உயரத்துல. ரெண்டு கை பேக்ஹேண்ட்ல வேலை செய்யறது இடது கைதான். இடது கையால அடிக்கிற ஃபோர்ஹேண்டுன்னே நினைச்சுக்கோ.

தப்பு எங்கேன்னு பந்தே சொல்லிடும். இடது ஓரக் கோட்டுக்கு வெளியே போய்க்கிட்டே இருந்தா நீ லேட், பந்தை இடுப்புக்குப் பக்கத்துல வர விட்டிருக்க. வலது பக்கமா ரொம்ப இழுத்துக்கிட்டுப் போனா அவசரப்படுற. முழங்கை விலா எலும்போட ஒட்டினா பந்துக்கு ரொம்பக் கிட்ட போயிட்ட. அடிச்ச பிறகு இடது பக்கமாத் தள்ளாடினா ஊன்றின கால் பந்துக்குப் போதுமான அளவு போகலை.

ஒத்தைக் கையால அடிக்கிறவங்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். அவங்க பந்தை இன்னும் முன்னாடியே தொடணும், தோளும் மூடியே இருக்கணும். சென்னை ஓப்பனை 2011, 2014, 2015, 2016-ன்னு நாலு தடவை ஜெயிச்ச வாவ்ரிங்காவோட ஒத்தைக் கை பேக்ஹேண்டைப் பாரு. நேரம் கிடைக்கிறப்போ எல்லாம் வலது காலைக் குறுக்கே வச்சுத்தான் முழு வீச்சா அடிப்பார்.

ரெண்டு கைக்காரிக்கும் எல்லாப் பந்துக்கும் ஓப்பன் ஸ்டான்ஸ் கிடையாது. குட்டையா, தாழ்வா விழற பந்துக்கு வலது காலை முன்னாடி வச்சு உள்ளே ஏறி அடி. அங்கேயும் திறந்தே நின்னா அது சோம்பேறித்தனம். அதனாலதான் குறுக்குக் காலை முதல்ல சொல்லிக் கொடுக்கிற கோச்கிட்ட நான் சண்டைக்குப் போக மாட்டேன். அது கை வந்த பிறகு இது.

நம்ம கரையான்சாவடி சிக்னல்ல இருந்து நுங்கம்பாக்கம் கோர்ட்டுக்குப் போய்த் திரும்பறதுக்குள்ள பாதி சாயங்காலம் மவுண்ட்–பூந்தமல்லி ரோட்டுலயே கரைஞ்சிடும். அதனால கால் வேலையை வீட்டுலயே பழகு. மொட்டை மாடியில சாக்பீஸால நடுவுல ஒரு கோடு, அதுக்கு இடது பக்கம் 4 மீட்டர் தள்ளி இன்னொண்ணு. சிங்கிள்ஸ் கோர்ட்ல பாதி அகலம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நடுக்கோட்டுல துள்ளு, திரும்பு, ஓடு, வெளிக்கோட்டுக்கு முன்னாடி இடது காலை ஊன்று, பந்து இல்லாமயே வீசு. வீசினதும் வலது கால் தானா சுத்தி வரும், அதை வர விடு. இடது காலால தரையைத் தள்ளிப் பக்கவாட்டு அடியா நடுக்கோட்டுக்கு வந்துடு. திரும்பி வர்ற இந்தப் பாதிதான் ஓப்பன் ஸ்டான்ஸோட நிஜ லாபம், அதை விட்டுட்டுப் பழகாத. விடியற்காலையில ஆரம்பிக்கிறதா இருந்தா கீழ் வீட்டு ஆன்ட்டிகிட்ட முன்னாடியே சொல்லி வை.

வாக்கிங், ரன்னிங் ஷூ வேண்டவே வேண்டாம். அது நேரா ஓடறதுக்குச் செஞ்சது, பக்கவாட்டுல ஊன்றினா கணுக்கால் புரண்டுடும். டென்னிஸ் ஷூ இல்லைன்னா பக்கவாட்டுப் பிடிப்புள்ள பேட்மின்டன் ஷூவுல மாடியில பழகலாம், ஆனா கோர்ட்ல அது சீக்கிரம் தேஞ்சிடும். இடது முட்டியில வலி வந்தா அன்னிக்கு அதோட நிறுத்திடு. மறுநாளும் வலிச்சா, தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போகாம ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட காட்டு.