மோட்டார் சைக்கிளை இரவல் கொடுத்தால் காப்புறுதியும் கூடவே போகுமா?

"நானா, பைக்கை ஒருக்காத் தாங்க, டவுனுக்குப் போய்ட்டு வந்துடுறன்." கடை வாசலில் வந்து நின்று இப்படிக் கேட்பவரிடம் இல்லை என்று சொல்பவர்கள் எமது ஊர்களில் குறைவு. சாவி கைமாறிவிடும். காப்புறுதிப் பத்திரம் மேசை லாச்சிக்குள் கிடக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாத வாகனத்தைப் பாதையில் செலுத்துவது குற்றமாகும். அப்படியான வாகனத்தைச் செலுத்த இன்னொருவருக்கு அனுமதிப்பதும் குற்றமே. எனவே காப்புறுதி முடிந்துபோன பைக்கைக் கொடுத்துவிட்டு, "ஓடியவன் அவன்தானே" என்று உரிமையாளர் ஒதுங்க முடியாது.

காப்புறுதி செல்லுபடியாகும் நிலையில் இருந்தால் இரவல் வாங்கியவருக்கும் அது பயன்படுமா? பொதுவாக ஆம். ஆனால் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். யார் செலுத்தலாம் என்று ஒரு பகுதி இருக்கும். காப்புறுதிதாரர், அல்லது அவருடைய அனுமதியுடன் செலுத்தும் வேறொருவர் என்று அதில் எழுதி, அந்த வகை வாகனத்துக்குரிய சாரதி அனுமதிப்பத்திரம் அவரிடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்திருப்பார்கள். பலர் சிக்கிக்கொள்வது இந்த நிபந்தனையில்தான். கார் ஓட்டுவதற்கான அனுமதிப்பத்திரம் மோட்டார் சைக்கிளுக்குப் போதாது. மோட்டார் சைக்கிளிலும் 100 சீசீக்கு மேற்படாதவற்றுக்கு ஏ1, அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஏ என இரு வகைகள் உண்டு. ஏ1 மட்டும் உள்ள தம்பியிடம் 150 சீசீ பைக்கைக் கொடுத்தால், அனுமதிப்பத்திரம் இல்லாதவரிடம் கொடுத்ததாகவே கணக்கு. சவூதியிலோ கட்டாரிலோ எடுத்த அனுமதிப்பத்திரமும் இங்கு அப்படியே செல்லாது. லீவில் வந்த மச்சானுக்குச் சாவியைக் கொடுக்குமுன் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எதற்காகச் செலுத்தலாம் என்ற பகுதி. சொந்தப் பாவனைக்கென எடுக்கப்படும் காப்புறுதியில் வாடகைக்கு விடுவது, ஓட்டப் போட்டிகள் போன்றவை விலக்கப்பட்டிருப்பது வழமை. உங்கள் பைக்கை இரவல் வாங்கி மாலையில் உணவுப் பொதி விநியோகத்துக்கு ஓடும் இளைஞர்கள் இப்போது இருக்கிறார்கள். உழைக்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்த ஓட்டத்தில் விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் இந்தப் பகுதியைத்தான் பார்க்கும். கூலிக்கு ஓடுவதானால் நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவித்து, அதற்குரிய காப்புறுதியை எடுங்கள். கட்டுப்பணம் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

ஓர் உதாரணம். ஒரு துணிக்கடை முதலாளியின் பைக்கை அயல்வீட்டுப் பையன் எடுத்துச் சென்று, பாதையைக் கடந்த ஒருவரை மோதிவிடுகிறான். அவரது கால் முறிகிறது. பையனிடம் அனுமதிப்பத்திரம் இல்லை. காயமடைந்தவர் வழக்குத் தொடுத்து வென்றால், சட்டத்தின் கட்டாயத்தால் காப்புறுதி நிறுவனம் அவருக்குப் பணம் கொடுக்க நேரிடலாம். விடயம் அத்துடன் முடிந்துவிடாது. நிபந்தனை மீறப்பட்டதைக் காட்டி, கொடுத்த தொகையைக் காப்புறுதிதாரரிடமிருந்து அறவிட நிறுவனம் முயலும். அதாவது கடன் முதலாளியின் தலையில் விழும். அனுமதிப்பத்திரம் இல்லாதவருக்கு வாகனத்தைக் கொடுத்ததற்கான தண்டப்பணம் வேறு. அதை எந்தக் காப்புறுதியும் கட்டாது.

பையன் தன் சொந்த வேலைக்குப் போனானா, முதலாளியின் வேலைக்குப் போனானா என்பதும் முக்கியம். "இந்தக் காசோலையை வங்கியில் போட்டுவிட்டு வா" என்று அனுப்பியிருந்தால், அவனுடைய கவனயீனத்துக்கு முதலாளியும் பொறுப்பாளியாகலாம். கடைப் பைக்கை ஊழியர்களிடம் கொடுத்து வேலை வாங்குவோர் இதை மறக்கக் கூடாது.

பைக்குக்கு ஏற்பட்ட சேதம்? மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் அதற்கு ஒரு சதமும் கிடைக்காது. முழுமையான காப்புறுதி இருந்தால் கிடைக்கும். ஆயினும் இத்தனை வருடம் விபத்தில்லாமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் குறைந்துவிடும். இழப்பு கொடுத்தவருக்கே. இரவல் பொருள் சேதமானால் யார் பொறுப்பு என்பதை எமது பிக்ஹ் நூல்களும் பேசியுள்ளன. அனுமதித்த பாவனையால் ஏற்படும் தேய்மானம் தவிர்ந்த இழப்புக்கு வாங்கியவரே பொறுப்பு என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. அவருடைய கவனயீனம் இருந்தால்தான் பொறுப்பு என்கிறது ஹனபி மத்ஹப். சாவி கைமாறும்போதே இதைப் பேசிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சேதமான பின்பு பேசப்போனால்தான் உறவு முறிகிறது.

விபத்து நடந்துவிட்டால், இரவல் வாங்கியவர் உங்களுக்கு அறிவிக்கும்வரை காத்திருக்காமல் அங்கிருந்தே காப்புறுதி நிறுவனத்துக்கு அழைக்க வேண்டும். எனவே தொலைபேசி இலக்கமும் சான்றிதழும் பைக்குடன் இருக்கட்டும். ஆட்களுக்குக் காயம் என்றால் பொலிஸில் முறைப்பாடு பதிவாக வேண்டும். "பிழை என்னுடையதுதான், இந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள்" என்று அவ்விடத்திலேயே முடித்துவிட்டுப் பின்னர் நட்டஈடு கேட்டால் நிறுவனம் மறுக்க இடமுண்டு. தன் சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கும். கோரிக்கைக் கடிதமோ நீதிமன்ற அழைப்பாணையோ வந்தால் பிரதியொன்றை வைத்துக்கொண்டு அன்றே நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். இவ்வகை வழக்கைத் தொடுக்க இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. ஆகவே அந்த வருடத்துக் காப்புறுதிப் பத்திரத்தைப் புதியது வந்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.