மலேரியா: வருகைப் பதிவேடு சொல்லும் செய்தி

ஒரு மாணவர் திங்களன்று வருகிறார், செவ்வாயன்று வரவில்லை. புதனன்று நன்றாக விளையாடுகிறார். வியாழனன்று மீண்டும் விடுப்பு. மட்டம் போடுகிறார் என்று முடிவு செய்யும் முன் ஒரு கேள்வி கேட்போம்: "நேற்று குளிர்நடுக்கம் இருந்ததா?"

வைவாக்ஸ் வகை மலேரியா ஒட்டுண்ணிகள் ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து வெளியேறும். அப்போது குளிர், நடுக்கம், காய்ச்சல், வியர்வை தோன்றும். இடைப்பட்ட நாளில் குழந்தை நலமாகத் தெரியும். தொடக்கத்தில் தினமும் காய்ச்சல் வரலாம் என்பதால், இரத்தப் பரிசோதனையே நோயை உறுதி செய்யும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம். பால்சிபாரம் வகைக்கு மருந்து வேறு. தாமதித்தால் மூளையையும் தாக்கும்.

வைவாக்ஸுக்கு மருத்துவர் வழக்கமாகக் குளோரோகுயின் 3 நாளும், பிரைமாகுயின் 14 நாளும் தருவார். சில நாளில் காய்ச்சல் நின்றதும் பல வீடுகளில் மாத்திரையும் நின்றுவிடுகிறது. கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணிகளை அழிப்பது பிரைமாகுயின்தான். பாதியில் விட்டால், புதிதாகக் கொசு கடிக்காமலே சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் திரும்பக்கூடும். இம்மாத்திரையை வீட்டில் மற்றவருடன் பகிரக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இது ஆகாது. சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

திருவரங்கம் தீவில் வாழும் மாணவர்கள் கொசு என்றதும் காவிரியையும் கொள்ளிடத்தையும் காட்டுவார்கள். ஓடும் ஆற்றைவிட மொட்டைமாடித் தொட்டியும் கிணறுமே கவனிக்க வேண்டியவை. நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு அங்குள்ள நல்ல நீரில் முட்டையிடும்.

1. கொசுப்புழு உள்ள நீரைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து, வாயை வலைத்துணியால் கட்டுங்கள்.
2. நீர்ப்பரப்பை ஒட்டிப் படுத்தாற்போல் மிதப்பது அனாபிலிஸ். தலைகீழாகச் சாய்ந்து தொங்குவது ஈடிஸ் அல்லது கியூலெக்ஸ். மாணவர்கள் படம் வரையட்டும்.
3. பார்த்து முடித்ததும் நீரை வெயிலில் காய்ந்த தரையில் கொட்டிவிடுங்கள்.
4. தொட்டி மூடி பொருந்தியுள்ளதா என்று வாரம் ஒருமுறை பெற்றோர் பார்க்க வேண்டும். மாணவர்கள் ஏற வேண்டாம். முட்டை கொசுவாக மாற ஒரு வாரத்துக்கு மேல் ஆவதால் இந்த இடைவெளி போதும். கிணற்றில் கம்பூசியா மீன் விடச் சுகாதாரப் பணியாளரை அணுகலாம்.

சிகிச்சை பெறும் மாணவரின் நோட்டில் 14 கட்டங்கள் வரைந்து கொடுங்கள். தினமும் மாத்திரை விழுங்கியதும் பெற்றோர் ஒரு கட்டத்தில் கையொப்பமிடட்டும். காலையில் வருகை எடுக்கும்போதே அதையும் பார்த்துவிடலாம்.