மெதுவாகப் பேசினால் நிறைய பேர் பேசலாம்: செல்ஃபோன் வேலை செய்யும் விதம்



எபிசோடில் காதால் கேட்டுக் கடந்துபோன எண்களையெல்லாம் இங்கே நிதானமாகப் பார்க்கலாம். எலக்ட்ரானிக்ஸ் இப்பதான் படிக்க ஆரம்பிச்சவங்களுக்கான பாடம் இது. பேப்பர், பேனா, கால்குலேட்டர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

முதலில் இரண்டு கேள்வி. ஊரிலிருந்து வந்த அம்மம்மாவின் கையில் ஒரு பழைய பட்டன் ஃபோன் இருக்கு. இங்கத்து சிம் போட்டாச்சு, சார்ஜ் நிறைய இருக்கு, ஆனா சிக்னலே காட்டலை. ஏன்? இரண்டாவது: அப்பாவின் ஸ்மார்ட்ஃபோனில் எல்லா காலும் நன்றாகப் போகுது. அதே ஃபோனில் அவசர எண்ணுக்கு மட்டும் கால் போகாமல் இருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. 2024-ல் ஆஸ்திரேலியாவில் இது ஒரு நாட்டுப் பிரச்சினையாகவே ஆனது. பதில் புரிய வேண்டுமென்றால் அடிப்படையிலிருந்து வரணும். வாங்க.

ஒரு பெரிய டவர், கொஞ்சம் பேர்

செல்ஃபோன் என்பது ஒரு ரேடியோ. நீங்கள் பேசுவது ரேடியோ அலையாக அருகிலுள்ள டவர் வரைக்கும்தான் போகும். அங்கிருந்து பெரும்பாலும் கேபிள் வழியாகத்தான் பயணம். டொராண்டோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பேசினாலும், காற்றில் போவது இந்த முனையில் கொஞ்ச தூரம், அந்த முனையில் கொஞ்ச தூரம், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1946-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் காரில் வைத்துப் பேசும் தொலைபேசி சேவை தொடங்கியது. இந்த மாதிரி சேவைகளில், உயரமான இடத்தில் சக்திவாய்ந்த ஒரு டவரை வைத்து நகரம் முழுவதையும் எட்டுவதுதான் முறை. ஒரு சேனலில் ஒருவர் பேசினால், நகரத்தில் வேறு யாரும் அந்தச் சேனலைத் தொட முடியாது. 1976-ல்கூட நியூயார்க் பெருநகரப் பகுதிக்கு 12 சேனல்தான். வாடிக்கையாளர்கள் சுமார் 540 பேர். காத்திருப்போர் பட்டியலில் 3,700-க்கும் மேல்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியை நினைச்சுப் பாருங்க. ஒரே ஹால், தடுப்புச் சுவர் கிடையாது. ஒரு ஆசிரியர் மைக்கில் பாடம் நடத்தினால் ஹால் முழுக்க அந்த ஒரு வகுப்புதான் நடக்கும். மைக்கை அணைத்துவிட்டு, மூலைக்கு ஒரு வகுப்பாக உட்கார்ந்து மெதுவாகப் பேசினால்? ஒரே நேரத்தில் பத்து வகுப்பு நடக்கும்.

செல்லுலர் முறையின் மொத்த ரகசியமும் இதுதான். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் இதை ஒரு உள்குறிப்பில் எழுதினார். நகரத்தைச் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரி. ஒவ்வொன்றுக்கும் குறைந்த சக்தியில் ஒரு டவர் வை. ஒரே அலைவரிசையைத் தள்ளியிருக்கிற வட்டாரங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்து. அந்த வட்டாரத்தின் பெயர்தான் ‘செல்’.

யோசனை 1947-லேயே வந்துவிட்டாலும், வணிக சேவை டோக்கியோவில் 1979-லும் சிகாகோவில் 1983-லும்தான் தொடங்கியது. ஓடும் காரை ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்குக் கால் அறுபடாமல் மாற்ற கம்ப்யூட்டர் வேண்டும். அலைவரிசைக்கு அரசின் அனுமதியும் வேண்டும். இரண்டுக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

2ஜி-யை எடுத்துக்கொள்வோம், அதாவது ஜி.எஸ்.எம். முறை. இதன் முதல் கால் 1991 ஜூலை 1 அன்று ஃபின்லாந்தில் போனது. அதன் அடிப்படை அலைவரிசை இது:

• ஃபோனிலிருந்து டவருக்கு: 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ்
• டவரிலிருந்து ஃபோனுக்கு: 935 முதல் 960 மெகாஹெர்ட்ஸ்

போக ஒரு பாதை, வர ஒரு பாதை. இடைவெளி 45 மெகாஹெர்ட்ஸ். அதனால்தான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியுது. குறைந்த அலைவரிசைக்குப் பாதையில் இழப்பு கொஞ்சம் குறைவு. அதை ஃபோன் பக்கத்துக்குக் கொடுத்திருக்காங்க, ஏனென்றால் ஃபோனிடம் இருப்பது சின்ன பேட்டரி.

ஒரு பாதையின் அகலம் 25 மெகாஹெர்ட்ஸ். இதை 200 கிலோஹெர்ட்ஸ் துண்டுகளாக வெட்டினால் 125. ஓரத்தில் காவலுக்கு ஒன்றை விட்டால் 124. ஒவ்வொரு துண்டிலும் 8 பேர் முறைவைத்துப் பேசலாம். 124 × 8 = 992.

கவனிங்க. ஒரு நாடு முழுக்க ஒரே ராட்சத டவர் வைத்தால், மொத்த நாட்டிலும் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர்கூடப் பேச முடியாது!

இப்போ செல்களாகப் பிரிப்போம். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒரே அலைவரிசையில் பேசினால் மோதும். அதனால் துண்டுகளை 7 பங்காக்கி, 7 செல்களுக்கு ஆளுக்கொரு பங்கு கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு செல்லுக்குச் சுமார் 140 பேர். குறைந்துவிட்ட மாதிரி தெரியுதா? ஆனால் அந்த ஏழு செல் கோலத்தை நாடு முழுக்கத் திரும்பத் திரும்பப் போடலாம். 1,000 செல் என்றால் 1,40,000 பேர். கட்டுப்பாட்டு வேலைகளுக்குக் கொஞ்சம் இடம் போனாலும் வித்தியாசம் பிரம்மாண்டம். இன்னும் இடம் வேண்டுமா? செல்லின் ஆரத்தைப் பாதியாக்குங்கள். அதே பரப்பில் நான்கு மடங்கு செல்கள் வரும்.

தள்ளியிருக்கும் செல்கள் ஏன் மோதுவதில்லை? வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சக்தி நாலில் ஒரு பங்காகும். கட்டடங்கள் நிறைந்த நகரத்தில் அது 16-ல் ஒரு பங்கு வரைகூடக் குறையும். சிக்னல் சீக்கிரம் தேய்வது குறை மாதிரி தெரியும். ஆனா அந்தத் தேய்மானம்தான் செல்லுக்குச் சுவர்.

3ஜி-யும் 4ஜி-யும் இந்தப் பங்கீட்டை வேறு விதமாகச் செய்கின்றன. பக்கத்துச் செல்லிலும் அதே அலைவரிசையைப் பயன்படுத்த அவற்றுக்கு வழி உண்டு. ஆனால் ‘மெதுவாகப் பேசு, மறுபடியும் பயன்படுத்து’ என்ற விதி மாறவில்லை.

எட்டு பேர் முறைவைப்பது எப்படி?

ஜி.எஸ்.எம்.மில் ஒரு சுற்று 4.615 மில்லிசெகண்ட். அதில் 8 இடம், ஒவ்வொன்றும் 0.577 மில்லிசெகண்ட். உங்கள் ஃபோன் தன் இடத்தில் பட்டென்று பேசிவிட்டு, அடுத்த சுற்று வரை அனுப்பாமல் இருக்கும். பேச்சு டிஜிட்டலாகச் சுருக்கப்படுவதால் உங்கள் காதுக்கு இடைவெளி தெரியாது.

ஆனால் ஸ்பீக்கருக்குத் தெரியும்! 4.615 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை என்றால் விநாடிக்குச் சுமார் 217 முறை. பழைய 2ஜி ஃபோனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் கால் வருவதற்கு முன்பே ‘டிட்டிடிட்... டிட்டிடிட்...’ என்று ஒரு சத்தம் வருமே, அதற்குள் இருந்தது இந்த 217 ஹெர்ட்ஸ் துடிப்புதான்.

ஃபோன் ஆன் செய்ததும் என்ன நடக்குது?

1. ஃபோன் முதலில் காது கொடுத்துக் கேட்கும். எந்தெந்த டவர் இருக்கு, எது பலமாகக் கேட்குது என்று பார்க்கும்.

2. பிறகு தன்னைப் பதிவு செய்யும். சிம்முக்குள் ஒரு அடையாள எண்ணும் ஒரு ரகசியச் சாவியும் உண்டு. நெட்வொர்க் ஒரு எண்ணைக் கொடுக்கும். சிம் தன் சாவியால் கணக்குப் போட்டு விடையை மட்டும் அனுப்பும். சாவி காற்றில் போகாது.

3. நீங்கள் எந்த வட்டாரத்தில் இருக்கிறீர்கள் என்று நெட்வொர்க் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். உங்களுக்குக் கால் வந்தால், அந்த வட்டாரத்து டவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ‘இந்த ஃபோன் இங்கே இருக்கா?’ என்று கூப்பிடும். உங்கள் ஃபோன் மட்டும் கை தூக்கும்.

4. பேசிக்கொண்டே பஸ்ஸில் போனால், பக்கத்து டவர்கள் எவ்வளவு பலமாகக் கேட்குது என்று ஃபோன் அளந்து சொல்லிக்கொண்டே இருக்கும். சரியான நேரத்தில் நெட்வொர்க் உங்களை அடுத்த செல்லுக்குக் கைமாற்றும்.

இதோடு, ஃபோன் எவ்வளவு சத்தமாகப் பேசணும் என்பதையும் டவர்தான் சொல்லும். 900 மெகாஹெர்ட்ஸில் 2ஜி ஃபோனின் உச்ச வரம்பு 2 வாட். டவர் பக்கத்தில் இருந்தால் ‘குறைச்சுக்கோ’ என்று உத்தரவு வரும். பேஸ்மென்டில் பேட்டரி சீக்கிரம் தீர இது ஒரு முக்கியக் காரணம்: அங்கே ஃபோன் கத்திப் பேச வேண்டியிருக்கு.

சிக்னல் ஃபுல், ஆனா கால் போகலை

ஜெர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேர் மாதிரி பெரிய கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் எல்லாக் கோடும் நிறைந்திருக்கும், கால் மட்டும் போகாது. கோடுகள் காட்டுவது டவர் எவ்வளவு பலமாகக் கேட்குது என்பதை. அங்கே உங்களுக்கு இடம் காலியா என்பதை அவை காட்டாது. மேலே போட்ட கணக்கு ஞாபகம் இருக்கா? ஒரு செல்லுக்கு இவ்வளவு பேர் என்று ஒரு எல்லை உண்டு.

அப்படிப்பட்ட நேரத்தில் எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்கள். அது மிகச் சின்னது. உடனே போகாவிட்டால் நெட்வொர்க் வைத்திருந்து மறுபடி முயலும். ஆனால் அளவு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் என்பதால் 160 எழுத்து வரும். தமிழுக்கு 16 பிட் என்பதால் 70-தான். அதிலும் ‘தமிழ்’ என்ற சொல் மூன்றாக இல்லை, ஐந்தாக எண்ணப்படும்: உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி. அவசரத்தில் சுருக்கமாக எழுதுங்க!

இப்போ அந்த இரண்டு கேள்விக்கு வருவோம்

அலைவரிசை குறைவான சொத்து. அதனால் பழைய தலைமுறையை மூடி, அந்த இடத்தைப் புதியதற்குக் கொடுக்கிறார்கள். சிங்கப்பூர் 2017-ல் 2ஜி-யை மூடியது. பிரிட்டனில் 2033-க்குள் 2ஜி போய்விடும். இந்தியாவில் 2ஜி இன்னும் ஓடுது. அங்கே நன்றாக வேலை செய்த பட்டன் ஃபோன், 2ஜி மூடிய நாட்டுக்கு வந்தால் பேச ஆளில்லாமல் நிற்கும். அம்மம்மாவின் ஃபோன் கெட்டுப்போகவில்லை. அதன் பாஷை பேச இங்கே டவர் இல்லை, அவ்வளவுதான்.

அப்பாவின் ஃபோன் கொஞ்சம் சிக்கலானது. 2ஜி, 3ஜி-யில் குரலுக்கென்று தனிப் பாதை உண்டு. 4ஜி-யில் அது இல்லை. எல்லாமே டேட்டா. குரலையும் டேட்டாவாக அனுப்பும் முறைக்குப் பெயர் வோல்ட்இ. அது இல்லாத ஃபோன், கால் வந்தவுடன் 3ஜி-க்கோ 2ஜி-க்கோ இறங்கிப் பேசும். அவசரக் கால் இன்னும் தனி ரகம். அது சாதாரண எண்ணை டயல் செய்வது மாதிரி இல்லை. ஃபோனே ‘இது அவசரம்’ என்று அடையாளம் கண்டு தனிக் கோரிக்கை அனுப்பும். உங்கள் நிறுவனத்தின் டவர் கிடைக்காவிட்டால் வேறு நிறுவனத்தின் டவரையும் தேடும். அந்த வேலைக்கான மென்பொருள் ஃபோனுக்குள் தனியாக இருக்கணும்.

சில மாடல்கள் சாதாரணக் காலை 4ஜி-யில் பேசும், அவசரக் காலுக்கு மட்டும் 3ஜி-யைத் தேடும் விதத்தில் செய்யப்பட்டிருந்தன. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் 28 முதல் கடைசி 3ஜி சேவைகளும் மூடத் தொடங்கியபோது, 000-வை அழைக்க முடியாத ஃபோன்களை நெட்வொர்க்கில் விடக்கூடாது என்று விதி வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபோன்கள் தடுக்கப்பட்டன. கோபம் வந்தவர்கள் நிறைய. ஆனால் நெஞ்சுவலி வந்த நேரத்தில் தெரிவதைவிட, முன்பே தெரிவது நல்லதில்லையா?

இந்த வாரம் செய்ய வேண்டியது

• அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி ஃபோனில் வோல்ட்இ அல்லது ‘4ஜி காலிங்’ ஆன் ஆகியிருக்கா என்று பாருங்கள்.
• அவர்களை ஒரு கால் செய்யச் சொல்லி, பேசும்போதே திரையின் மேல்பக்கம் பாருங்கள். 4ஜி அல்லது 5ஜி என்றே நின்றால் நல்லது. 3ஜி, 2ஜி என்று இறங்கினால் கவனிக்கணும்.
• அவசரக் கால் 4ஜி-யில் போகுமா என்பதை ஃபோனின் மாடலைச் சொல்லி உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள். அவசர எண்ணுக்கு டெஸ்ட் கால் செய்யாதீங்க, ப்ளீஸ்.
• வயதானவர்கள் கழுத்தில் போடும் அவசர பட்டன், வீட்டு அலாரம் இவற்றுக்குள்ளும் சிம் இருக்கலாம். அது எந்தத் தலைமுறை என்று கேளுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஐஃபோனில் *3001#12345#* டயல் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் ஃபோன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் பலம் டிபிஎம் கணக்கில் தெரியும். ஜன்னல் பக்கம் −70, பேஸ்மென்டில் −100 என்று வந்தால் வித்தியாசம் 30. ஒவ்வொரு 10-க்கும் பத்து மடங்கு என்பதால், ஆயிரம் மடங்கு சக்தி குறைவு. −100 என்பது ஒரு வாட்டின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குதான். அந்த முணுமுணுப்பிலிருந்துதான் உங்கள் ஃபோன் பாட்டியின் குரலை எடுத்துக் கொடுக்குது.

வீட்டில் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று அளந்து, காரணத்தோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த எபிசோடில் சேர்ந்து பார்ப்போம்.

அதுவரைக்கும், மெதுவாகப் பேசுங்க!