விமானப் பயணத்தில் ஆக்சிஜன் கருவி: பேட்டரிக் கணக்கு

யானைக்கவுனியிலிருந்து எங்கள் நுரையீரல் பிரிவுக்கு வரும் பெரியவர் ஒருவர், வால்டாக்ஸ் சாலை மரக்கடைகளில் நெடுங்காலம் உழைத்தவர். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள அவர், தோளில் மாட்டும் சிறிய ஆக்சிஜன் செறிவூட்டியின் துணையுடன் நடமாடுகிறார். சிங்கப்பூரிலுள்ள மகளைக் காணப் புறப்பட இருந்தார். "இரண்டு பேட்டரி இருக்கின்றன, டாக்டர். குறைந்தால் இருக்கையிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் அல்லவா?" என்று மகன் கேட்டார்.

இருக்கை மின்சாரத்தை நம்ப வேண்டாம் என்பதே எங்கள் விடை. பல விமானங்களில் அவ்வசதி இல்லை. இருந்தாலும் ஏறும்போதும் இறங்கும்போதும் அது நிறுத்தப்படலாம். யுஎஸ்பி துளையோ அலைபேசிக்கான பவர் பேங்கோ இக்கருவியை இயக்கப் போதாது.

இரண்டு பேட்டரி போதுமா என்பதற்குச் சிறு கணக்கு தேவை. பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்கு ஒப்பாகும். உதகமண்டலத்தில் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். அங்கே உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவதால், கருவியின் அளவைச் சிலருக்கு நாங்கள் கூட்டித் தருகிறோம். அளவு கூடினால் பேட்டரி விரைவில் தீரும். பெரியவரின் பேட்டரி ஒவ்வொன்றும் வீட்டில் 2-ஆம் நிலையில் நான்கு மணி நேரம் ஓடியது. 4-ஆம் நிலையில் இரண்டு மணி நேரமே. சிங்கப்பூருக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். விமானம் தரையிறங்கும்போது இரண்டும் தீர்ந்திருக்கும்! பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது ஆறு மணி நேரத்துக்கான பேட்டரி வேண்டுமென்று பல விமான நிறுவனங்கள் கேட்பதன் காரணம் இதுவே. மீனம்பாக்கம் செல்லும் நேரமும் அங்குக் காத்திருக்கும் நேரமும் இக்கணக்கில் சேரவில்லை. காரில் கார் சார்ஜரையும், நிலையத்தில் சுவர் மின்இணைப்பையும் பயன்படுத்தி, பேட்டரிகள் நிறைந்த நிலையில் விமானம் ஏற வேண்டும். அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். சிலருக்கு மிகுதியான ஆக்சிஜனும் தீங்கு செய்யும்.

உதிரி பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் வைக்க அனுமதியில்லை. கைப்பையில்தான் கொண்டு செல்ல வேண்டும். 100 வாட்-மணிக்கு மேல் 160 வரையுள்ளவை என்றால், நிறுவனத்தின் இசைவுடன் இரண்டு உதிரிகள் மட்டும். பேட்டரியின் மேலேயே இவ்வெண் அச்சிடப்பட்டிருக்கும். முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனி உறையில் இடுங்கள். கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் தீப்பற்றியது. பயணிகள் அனைவரும் உயிர் தப்பினர். தலைக்கு மேலுள்ள பெட்டியில் இருந்த பவர் பேங்கே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கருதினர். அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், பறக்கும்போது பவர் பேங்க் மூலம் சார்ஜ் செய்வதைத் தடைசெய்தது. ஆகவே உதிரிகளை மேலே வைக்காமல் கண்ணெதிரே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் உருட்டி வைக்கும் பெரிய செறிவூட்டி விமானத்துக்கு உதவாது. சொந்த ஆக்சிஜன் உருளையையும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை.

பெரியவர் மேலும் இரண்டு பேட்டரிகளை வாடகைக்குப் பெற்றுச் சென்றார். பயணச்சீட்டு எடுக்கும்போதே கருவியின் பெயரையும் மாதிரியையும் நிறுவனத்திடம் தெரிவியுங்கள். மருத்துவர் நிரப்ப வேண்டிய படிவத்தைப் பல நிறுவனங்கள் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகக் கேட்கின்றன. பயணத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன் கருவியையும் எல்லாப் பேட்டரிகளையும் எடுத்துக்கொண்டு புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். பயணத்தின்போது வைக்க வேண்டிய நிலையில் ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை ஓட்டிப் பார்த்தே படிவத்தில் எழுதித் தருகிறோம்.