ஹெபடைடிஸ் சி: ஊசிக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள்

"கல்லீரலில் ஊசி குத்திச் சதை எடுப்பார்களாம்; பிறகு வருடக்கணக்கில் ஊசி மருந்தாம்!" இந்தப் பயத்தால் மருத்துவரிடம் போகாமல் இருப்பவர்கள் உண்டு.

முன்பு அது ஓரளவு உண்மைதான். இன்டர்பெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் 24 முதல் 48 வாரங்கள் எடுக்க வேண்டியிருந்தது. காய்ச்சல், மனச்சோர்வு என்று பலர் வாடினார்கள். எல்லோருக்கும் குணமும் ஆகவில்லை. இன்று பெரும்பாலானோருக்கு 8 முதல் 12 வாரங்கள் மாத்திரை மட்டுமே. நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வைரஸ் முற்றாக நீங்கிவிடுகிறது.

கல்லீரல் எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்பதையும் இரத்தப் பரிசோதனையும் வலியில்லாத ஃபைப்ரோஸ்கேனும் பெரும்பாலும் சொல்லிவிடும். சந்தேகம் மீந்தால்தான் பயாப்ஸி. தோலை மரத்துப்போகச் செய்து, வலப்பக்க விலா எலும்புகளுக்கிடையே மெல்லிய ஊசியால் சிறு துணுக்கு எடுப்பார்கள். பிறகு சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஆஸ்பிரின், வார்பரின் போன்றவை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்நோய் பல ஆண்டுகள் அறிகுறியின்றி இருக்கும். மஞ்சள் காமாலை இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். கீழாநெல்லி இந்த வைரஸை அழிக்காது.

யார் பரிசோதிக்க வேண்டும்? இந்த வைரஸ் கண்டறியப்பட்டதே 1989இல்தான். அதற்கு முன் ஏற்றிய இரத்தம் எந்த நாட்டிலும் இதற்காகச் சோதிக்கப்பட்டதல்ல. அக்காலத்தில் ஊரிலோ இங்கோ இரத்தம் ஏற்றியவர்களும், ஒரே ஊசியைப் பலருக்குப் போட்ட இடங்களில் ஊசி போட்டுக்கொண்டவர்களும் கேட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மறைக்க வேண்டாம். சேர்ந்து உண்பதால் இது பரவாது. ஷேவிங் பிளேடு, பல் தூரிகையை மட்டும் பகிராதீர்கள்.