தலை வலிக்காமலே தலை சுத்தலாம்

"எனக்குத் தலைவலியே இல்லையே, அப்புறம் எப்படி மைக்ரேன்?" தலைசுற்றலுக்கு டாக்டர் வெஸ்டிபுலர் மைக்ரேன், அதாவது தலைசுற்றலா வர்ற ஒத்தைத் தலைவலி நோய்னு எழுதிக் கொடுத்ததும் பாதிப்பேர் கேக்கிற கேள்வி இதுதான். தங்கச்சி, அந்தச் சந்தேகத்துல மருந்துச் சீட்டை மடிச்சு டப்பாவுக்குள்ள போட்டுடாத. இந்த நோய்ல தலைவலி முன்னாடி வரும், தலைசுற்றலோட சேர்ந்து வரும், எல்லாம் அடங்கின பிறகு வரும், சில தடவை வரவே வராது. ஒருத்திக்கே போன மாசம் ஒரு மாதிரி, இந்த மாசம் வேற மாதிரி. சின்ன வயசுல ஒத்தைத் தலைவலியில துடிச்சவங்களுக்கு, மாதவிடாய் நிக்கிற வயசுல வலி போய் வெறும் சுற்றல் மட்டும் மிஞ்சறதும் உண்டு.

சுற்றலும் எல்லாருக்கும் ஒண்ணு கிடையாது. சிலருக்கு வீடே சுத்தும். சிலருக்குத் தானே சுழலற மாதிரி இருக்கும். சிலருக்குச் சுத்தவே சுத்தாது. படகுல நிக்கிற மாதிரி ஒரு ஆட்டம், அவ்வளவுதான். தலையைத் திருப்பினா மட்டும் கிறுகிறுன்னு வர்றவங்க உண்டு. செல்போனைத் தள்ளித் தள்ளிப் பாக்கும்போது, ஜவுளிக்கடையில அடுக்கடுக்கா விளக்கும் துணியும் கண்ணுல படும்போது குமட்டி வர்றவங்களும் உண்டு. நேரமும் அப்படித்தான். கிட்டத்தட்ட பத்துல மூணு பேருக்குச் சில நிமிஷம், இன்னொரு மூணு பேருக்கு மணிக்கணக்கு, இன்னொரு மூணு பேருக்கு நாள்கணக்கு. மிச்சமிருக்கிற ஒருத்தருக்கு நொடிக்கணக்குல திரும்பத் திரும்ப வரும்.

அதனால டாக்டர்கிட்ட "மயக்கமா இருக்கு"ன்னு மட்டும் சொல்லாத. அவர் பிரஷரையும் சுகரையும் பாத்துட்டு அனுப்பிடுவார். ஒரு சின்ன நோட்டுல தேதி, சுற்றல் தொடங்கின நேரம், எவ்வளவு நேரம் இருந்துச்சு, என்ன மாதிரி சுத்துச்சு, வலி இருந்துச்சா, இருந்தா எந்தப் பக்கம்னு எழுதி வை. வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து தாங்க முடியாமப் போச்சா, கண்ணுக்கு முன்னாடி வளைவு வளைவா ஒளி தெரிஞ்சுச்சான்னு கட்டாயம் எழுது. சமநிலைக் கோளாறுகளுக்கான பாரனி சொசைட்டியும் சர்வதேச தலைவலிச் சங்கமும் 2012-ல சேர்ந்து வகுத்த அளவுகோல்ல, வலிக்குப் பதிலா இந்த அறிகுறிகளும் கணக்குல சேரும். 5 நிமிஷத்துல இருந்து 72 மணி நேரம் வரைக்கும் நீடிக்கிற சுற்றல் குறைஞ்சது 5 தடவையாவது வந்திருக்கணும், மைக்ரேன் இப்பவோ முன்னாடியோ இருந்திருக்கணும்னும் அதுல இருக்கு. அதனால உனக்கோ அம்மாவுக்கோ ஒத்தைத் தலைவலி இருந்துச்சா, சின்னப் பிள்ளையில பஸ் ஏறினா உனக்கு வாந்தி வருமாங்கிறதையும் மறக்காம சொல்லு. சுத்தற நேரத்துல பக்கத்துல இருக்கிறவங்களை உன் கண்ணை மட்டும் போன்ல வீடியோ எடுக்கச் சொல்லு. கண்மணி எப்படித் துடிக்குதுங்கிறது டாக்டருக்கு நல்ல தடயம்.

ஸ்கேனும் காது டெஸ்ட்டும் நார்மல்னு வந்தா மனசு ஒடைஞ்சு போகாத. வேற நோய் இல்லைன்னு உறுதிப்படுத்தத்தான் அதெல்லாம். படுக்கையில புரளும்போது ஒரு நிமிஷத்துக்குள்ள வந்து போற சுற்றல், காதுக்குள்ள இருக்கிற துகள் நகர்றதாலயும் வரும். அதுக்குத் தலையைத் திருப்பிச் செய்யற பயிற்சியே போதும். ஒரு காது மந்தமாகி, இரைச்சலும் அடைப்பும் சேர்ந்து வந்தா மெனியர் நோயான்னு பாக்கணும்.

வாய் கோணுது, பேச்சு குளறுது, கை கால் மரத்துப் போகுது, ரெட்டை ரெட்டையாத் தெரியுது, நிக்கவே முடியல, இதுவரைக்கும் வராத மாதிரி திடீர்னு மண்டை பிளக்கற வலி, சட்டுன்னு காது கேக்காமப் போறது, இதுல எது வந்தாலும் "வழக்கமா வர்றதுதான்"னு படுத்துடாத. உடனே 108-க்கு போன் பண்ணு.

எது தூண்டுதுங்கிறதுலயும் பக்கத்து வீட்டு அக்கா அனுபவம் உனக்குப் பொருந்தணும்னு இல்ல. அவங்க தயிரை விட்டாங்கன்னு நீயும் விட வேண்டாம்; உன் நோட்டைப் பாத்து முடிவு பண்ணு. ஆனா தூக்கம் கெடறது, சாப்பாட்டைத் தள்ளிப்போடறது, மாதவிடாய் நாள், மன உளைச்சல், இந்த நாலும் நிறையப் பேருக்குத் தூண்டும். வீட்ல எல்லாருக்கும் பரிமாறிட்டு பதினோரு மணிக்கு டிபன் சாப்பிடற பழக்கத்தை முதல்ல நிறுத்து. விரதம் இருக்கணும்னா முழுப் பட்டினி வேண்டாம்.

சுற்றல் வந்தா இருட்டான அறையில தலையை அசைக்காம படு. ஸ்கூட்டியைத் தொடாத, ஸ்டூல் மேல ஏறாத, குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாத. சுற்றலை அடக்கற மாத்திரை கடுமையான நாளுக்கு மட்டும்தான். மாசக்கணக்கா தானாவே போட்டுக்கிட்டா, மூளை சமநிலையைத் திரும்பக் கத்துக்கிறது தாமதமாகும். வலி மாத்திரையும் அப்படித்தான். சாதாரண வலி மாத்திரையை மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ மாசக்கணக்கா போட்டா அதுவே தலைவலியை உண்டாக்கலாம்.

அடிக்கடி வந்தா டாக்டர் தினமும் சாப்பிடற தடுப்பு மருந்து தருவார். அது வேலை செய்யுதான்னு தெரியவே பல வாரம் ஆகும். ஒரு வாரத்துல கேக்கலைன்னு நிறுத்திடாத. ஆஸ்துமா இருந்தா, கர்ப்பமா இருந்தா, குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தா முன்னாடியே சொல்லிடு. இந்தத் தடுப்பு மருந்துகள்ல புரோப்ரனலால் ஆஸ்துமாவுக்கு ஆகாது, டோபிரமேட் வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஆகாது.

அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது வீட்டுக்காரரையோ அம்மாவையோ கூட்டிட்டுப் போ. வெளியில பாக்க ஒண்ணுமே தெரியாத நோய் இது. நேத்து வலியில சுருண்டவ இன்னைக்கு வலியே இல்லாம செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா, ரெண்டும் ஒரே நோய்தான்னு டாக்டர் வாயால அவங்களும் கேக்கட்டும்.