எக்ஸெல்லில் ஓடும் சார்ம் குவார்க்

எக்ஸெல்லை நாம் பெரும்பாலும் மாதச் செலவுக் கணக்குக்குத்தான் திறக்கிறோம். இந்த முறை அதில் ஒரு குவார்க்கை ஓட விடுவோம்.

ஜெனீவா அருகே சர்ன் கூடத்தில் ஈய அணுக்கருக்களை மோத விடுகிறார்கள். மோதிய இடத்தில் சூரிய மையத்தைப் போல லட்சம் மடங்குக்கும் மேலான வெப்பம் உண்டாகிறது. அதில் புரோட்டான், நியூட்ரான் எல்லாம் உருகி, குவார்க்-குளுவான் பிளாஸ்மா என்ற திரவமாகின்றன. அது சுமார் 10 ஃபெர்மி நேரமே நீடிக்கும். ஒரு ஃபெர்மி நேரம் என்பது ஒளி, புரோட்டானின் ஆரத்தைவிடச் சற்றே கூடுதலான தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரம். இவ்வளவு குறுகிய ஆயுள் உள்ள திரவத்தை எந்தக் கருவியை விட்டு ஆராய்வது? மோதலின் முதல் கணத்திலேயே பிறந்துவிடும் சார்ம், பாட்டம் என்ற கனமான குவார்க்குகளே அந்தக் கருவி. அவை பிளாஸ்மாவுக்குள் நீந்தி வெளியே வருகின்றன.

இனி எக்ஸெல்லுக்கு வாருங்கள். ஏ1 செல்லில் 10 என டைப் செய்யுங்கள். இதுதான் சார்ம் குவார்க்கின் ஆரம்ப உந்தம். ஏ2 செல்லில், ஏ1-ஐ 0.95-ஆல் பெருக்கி, ராண்ட் ஃபங்ஷன் தரும் எண்ணிலிருந்து 0.5-ஐக் கழித்து வருவதை அதனுடன் கூட்டும்படி ஃபார்முலா அமையுங்கள். பெருக்கல் என்பது திரவத்தின் இழுவை. ராண்ட் என்பது திரவத் துகள்கள் தரும் தாறுமாறான உதை. 1908-ல் பால் லாஞ்செவின் தந்த சமன்பாடு இவ்வளவுதான். ஃபார்முலாவை 100 வரிசை வரை இழுத்து, லைன் சார்ட் போடுங்கள். எஃப்9 தட்டும்போதெல்லாம் புதிய குவார்க் ஓடும். 60 வரிசைக்குள் அந்த 10 காணாமல் போய், கோடு பூஜ்யத்தைச் சுற்றித் தள்ளாடும்.

பாட்டம் குவார்க் சார்மைப் போல மூன்று மடங்குக்கும் மேல் கனம். அதற்கு பி காலத்தில் 0.95-க்குப் பதில் 0.985 போடுங்கள். நான் முதலில் உதையையும் மூன்றால் வகுத்துவிட்டேன். அது தவறு. தள்ளுகிற திரவம் அதேதான், எனவே உந்தத்தில் விழும் உதையும் அதேதான். எடை கூடினால் குறைவது இழுவை மட்டுமே. இப்போது 60-வது வரிசையைப் பாருங்கள். பாட்டம் சராசரியாக 4-ஐ ஒட்டி இருக்கும். பிறந்த வேகத்தை அது இன்னும் மறக்கவில்லை.

நிஜத்தில் பிளாஸ்மா விரிந்து ஆறுவதால் இழுவை மாறிக்கொண்டே இருக்கும். அதிவேகக் குவார்க் குளுவான்களை உமிழ்ந்தும் ஆற்றலை இழக்கும். இவை நம் ஷீட்டில் இல்லை.

சர்னின் ஆலிஸ் குழு, சார்ம் குவார்க் அடங்கிய டி மெசான்களை எண்ணியது. நேருக்கு நேரான ஈய மோதல்களில், உந்தம் மிகுந்தவை எதிர்பார்த்ததில் சுமார் ஐந்தில் ஒரு பங்கே கிடைத்தன. மற்றவை அழிந்துவிடவில்லை, வேகம் குறைந்து வெளியேறின. இத்தகைய அளவீடுகளைக் கணக்கு மாதிரிகளுடன் ஒப்பிட்டு, சார்ம் தன் ஆரம்ப உந்தத்தை மறக்க 3 முதல் 9 ஃபெர்மி நேரம் ஆகிறது என்று 2022-ல் வெளியிட்டார்கள். திரவத்தின் ஆயுளே சுமார் 10 தானே! ஆகவே சார்ம் திரவத்தோடு ஏறக்குறைய கலந்துவிடுகிறது. பாட்டம் பாதி வழியில் நிற்கிறது. அதனால்தான் இரண்டையும் அளக்கிறார்கள்.